கழிவு எதிலிருந்து? யாழ்ப்பாணத்துக் கடைகளின் பொய்க் கழிவு விளம்பரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை நேரங்களில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருந்து, கேட்டு வருபவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். முன்பு காணி, பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியம் என்றுதான் வருவார்கள். இப்போது பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழா, தீபாவளி என்று ஒவ்வொரு காலமும் முடிந்த கையோடு கையில் ஒரு பையும் பற்றுச்சீட்டுமாக வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

எல்லாக் கடையும்தான் கழிவு போடுகிறது. இதில் எது பொய், எது உண்மை என்று எப்படிச் சொல்வது?

கழிவு போடுவது பிழையே அல்ல. பழைய இருப்பைத் தள்ளிவிடவும், பருவம் முடிந்த உடுப்பை விற்று முடிக்கவும், புதுக்கடைக்கு ஆட்களை வரவழைக்கவும் வணிகர் விலையைக் குறைப்பார். அது அவருடைய உரிமை, நமக்கும் இலாபம்.

பொய் தொடங்கும் இடம் ஒன்றுதான். “50 வீதக் கழிவு” என்றால் எதிலிருந்து 50 வீதம்? அந்தப் பொருள் நேற்றுவரை உண்மையில் விற்கப்பட்ட விலையிலிருந்தா, அல்லது கழிவுக்காகவே இன்று காலை எழுதப்பட்ட விலையிலிருந்தா? இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன. கடைக்குள் நுழையும்போது இதை மனதில் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே தெரிந்துவிடும்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா ரீச்சர், அல்லது நாங்கள் சும்மா நியாயம்தான் கேட்கிறோமா?

சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 30 ஆம் பிரிவு, வணிகர் எவரும் தம் வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக எண்ணவைக்கும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் ஈடுபடக் கூடாது என்கிறது. “தவறாக எண்ணவைக்கக்கூடிய” நடத்தையும் அதற்குள் அடங்கும். அதாவது நீங்கள் உண்மையில் ஏமாந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. ஏமாறக்கூடிய விதத்தில் விளம்பரம் இருந்தாலே போதும். 31 ஆம் பிரிவு பொருள்கள் பற்றியும் சேவைகள் பற்றியும் பொய்யான கூற்றுகளைச் சொல்வதைத் தடுக்கிறது.

கடைக்காரரிடம் போகும்போது இந்த இலக்கங்களை ஒப்புவிக்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்திருந்தால் முதுகு நிமிரும். நாம் கேட்பது தயவு அல்ல.

வாசலில் “70 வீதம் வரை கழிவு” என்று ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே எல்லாம் 10 வீதம். இது ஏமாற்று இல்லையா?

“வரை” என்ற சொல் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று முதலில் பாருங்கள். சில பதாகைகளில் 70 கதவளவு இருக்கும், “வரை” கட்டைவிரல் அளவு இருக்கும். 70 வீதத்தில் ஒரு நியாயமான அளவு பொருளாவது உள்ளே இருந்தால் கடைக்காரர் தப்பிக்கொள்வார். ஒன்றுமே இல்லை, அல்லது மூலையில் கிழிந்த இரண்டு சட்டைகள் மட்டும்தான் என்றால், அது முன் பதிலில் சொன்ன 30 ஆம் பிரிவுக்குள் வருகிறது என்று வாதிடலாம்.

செய்ய வேண்டியது எளிது. வாசற் பதாகையை முழுமையாக, சிறு எழுத்தும் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு உள்ளே போய் “70 வீதக் கழிவில் இருப்பவை எவை?” என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“50 வீதம், அதற்கு மேலும் 20 வீதம்” என்றால் 70 வீதம்தானே?

இல்லை, 60 வீதம். 10,000 ரூபாய்ப் பொருளில் 50 வீதம் போனால் 5,000. அடுத்த 20 வீதம் அந்த 5,000 இலிருந்துதான் கழிகிறது, 10,000 இலிருந்து அல்ல. ஆக 1,000 குறைந்து நீங்கள் 4,000 கொடுக்கிறீர்கள். கடைக்காரர் கணக்கில் பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் கூட்டிவிடுவோம் என்பதை அறிந்துதான் அப்படி எழுதுகிறார். “மொத்தம் 70 வீதம்” என்று அவரே எழுதினால் அது பொய்.

இலவசத்துக்கும் இதே கணக்குத்தான். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் 50 வீதம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றிலொரு பங்கு. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 25 வீதம்தான். அதுவும் உங்களுக்கு நான்கும் தேவைப்பட்டால் மட்டும். தனியாக ஒன்று என்ன விலை என்று கேளுங்கள். தனி விலை போன வாரத்தைவிட ஏறியிருந்தால் அந்த இலவசத்துக்கும் நீங்களே காசு கொடுக்கிறீர்கள்.

தட்டில் ஒரு விலை, காசாளரிடம் வேறு விலை. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். நான் என்ன செய்வது?

காசு கொடுப்பதற்கு முன் என்றால் வழி மிகச் சுலபம். “தட்டில் இந்த விலை போட்டிருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் பொறுப்பார்கள், அவர்களுக்கும் அதே விலைதான் அடிக்கப்படப் போகிறது. பெரும்பாலான கடைகள் உடனே திருத்திவிடும். திருத்த மறுத்தால் பொருளை வைத்துவிட்டு வரலாம். கணினியில் விலை மாற்றவில்லை என்பது அவர்களுடைய பிரச்சினை. நம்முடைய பணப்பை அதற்குப் பொறுப்பல்ல.

பொதி செய்த பொருளில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். தட்டில் “1,000 ரூபாய், கழிவுடன் 900” என்று இருக்கும். பொதியைத் திருப்பினால் 850 என்று அச்சிட்டிருக்கும். இங்கே கழிவைப் பற்றி வாதிடவே தேவையில்லை, அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதே குற்றம். 2021 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதிகபட்ச விலைக்கு மேல் விற்பவர்களுக்கான தண்டப்பணத்தைத் தனி வணிகருக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை, கம்பனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை என உயர்த்தியிருக்கிறது. கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பழைய விலை உண்மையானதா, கூட்டிப் போட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தக் கடையில் வேலை செய்கிறேனா?

மிக நல்ல கேள்வி, மிகக் கடினமான கேள்வியும் இதுதான். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு முன் என் ஒன்றுவிட்ட தங்கை நகரில் ஒரு புடவைக்கடையில் ஒரு சேலை வாங்கினாள். சிவப்பு ஸ்ரிக்கரில் 12,500 என்று போட்டு அதைக் கோடிட்டு வெட்டி, 50 வீதக் கழிவில் 6,250 என்று எழுதியிருந்தது. இரவு வீட்டில் மேசை விளக்குக்குக் கீழே மடிப்பைப் பிரித்தபோது ஸ்ரிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்ல இழுத்தாள். அது முழுதாகக் கழன்று வந்தது. கீழே ஓரம் மஞ்சளாகிப்போன இன்னொரு வெள்ளை ஸ்ரிக்கர். அதில் அதே சேலையின் இலக்கம், விலை 6,900.

50 வீதம் என்று நினைத்து வாங்கிய சேலையில் உண்மையான கழிவு 650 ரூபாய், அதாவது ஒன்பதரை வீதத்துக்குச் சற்றுக் குறைவு. அவளுக்குக் காசைவிட, இரண்டு மணித்தியாலம் நின்று, மற்றக் கடையில் பிடித்திருந்ததை விட்டுவிட்டு, “பாதி விலை” என்பதற்காகவே இதை எடுத்தோமே என்பதுதான் ஆறவில்லை. பொய்க் கழிவு செய்யும் கெடுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். நேர்மையாக விலை போட்ட பக்கத்துக் கடைக்காரரின் வியாபாரத்தையும் அது சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

எல்லாருக்கும் இப்படி ஸ்ரிக்கர் கிடைக்காது. வேறு வழிகள் உண்டு. பெரிய பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே விலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரிக் குளிர்சாதனப் பெட்டி, அதே மாதிரி இலக்கத்தோடு வேறு இரண்டு கடைகளில் என்ன விலை என்று பாருங்கள். கடையின் சொந்த முகநூல் பக்கத்தில் கீழே இறங்கிப் பார்த்தால் பழைய விலைப்பட்டியல் பல தடவை அங்கேயே கிடக்கும். போன மாதம் வாங்கிய அயலவரின் பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் வலுவான சான்று.

ஒரு எச்சரிக்கை. கடைக்குள் நின்று ஸ்ரிக்கரைக் கிழிக்காதீர்கள். விலைக்குறியை அகற்றுவதும் மாற்றுவதும் சட்டத்தின் 11 ஆம் பிரிவில் குற்றமாகச் சொல்லப்படுகிறது, அது வணிகருக்கு மட்டும் உரிய தடை அல்ல. சந்தேகம் இருந்தால் படம் எடுங்கள். வாங்கிய பிறகு வீட்டில் வைத்துப் பாருங்கள்.

கடையில் போய் எப்படிக் கதைப்பது? எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சண்டைக்காரி என்று நினைப்பார்கள்.

முதலில் யாரிடம் கதைக்கக் கூடாது என்று சொல்கிறேன். சேலையை எடுத்துக் காட்டிய பிள்ளையிடம் கோபப்படாதீர்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் அந்தப் பிள்ளைக்கு விலை போடுவதில் எந்தப் பங்கும் இல்லை, நீங்கள் சத்தம் போட்டால் திட்டு வாங்கப் போவதும் அவள்தான். “தங்கச்சி, முகாமையாளரைக் கூப்பிட முடியுமா?” என்று கேளுங்கள்.

கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போங்கள். பொருள், பற்றுச்சீட்டு, படம் மூன்றையும் மேசையில் வையுங்கள். “ஐயா, விளம்பரத்தில் இப்படி இருந்தது, நான் கொடுத்தது இவ்வளவு, எனக்கு வேண்டியது இது” என்று மூன்று வசனத்தில் முடியுங்கள். கடைசி வசனம் முக்கியம். வித்தியாசத் தொகையா, முழுப் பணமா, மாற்றுப் பொருளா என்று நீங்களே சொல்லாவிட்டால், ஒரு துவாயையோ நாட்காட்டியையோ கையில் தந்து அனுப்பிவிடுவார்கள். கள்ளர், ஏமாற்றுக்காரர் போன்ற சொற்கள் வேண்டாம். பிழையைத் திருத்த வழிவிட்டுக் கேட்டால் பலர் திருத்துகிறார்கள். நான் கண்டதில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே முடிந்திருக்கிறது.

பற்றுச்சீட்டுத் தரவில்லை. கேட்டால் “சின்னச் சாமானுக்கு என்னத்துக்கு?” என்கிறார்கள். சிலவேளை நானே தொலைத்தும் விடுகிறேன்.

வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமை, சாமான் சிறிதென்பதால் அது மாறாது. கையால் எழுதியதானாலும் கடையின் பெயர், திகதி, பொருள், தொகை இருந்தால் போதும்.

தொலைந்திருந்தால் எல்லாம் போய்விட்டதென்று இல்லை. அட்டையால் கட்டியிருந்தால் வங்கிக் கூற்றில் கடையின் பெயரும் தொகையும் இருக்கும். வங்கியிலிருந்து கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியும் உதவும். கடையின் கணினியில் அந்த நாளின் பதிவு இருக்கும், பிரதி கேட்கலாம். மை இல்லாமல் வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அடித்த பற்றுச்சீட்டுகள் சில மாதங்களில் வெள்ளையாகிவிடுகின்றன என்பதால், வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைக்கும்படி எல்லாருக்கும் சொல்கிறேன்.

பற்றுச்சீட்டின் அடியில் “விற்ற பொருள்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று அச்சடித்திருக்கிறதே. அதோடு சரிதானே?

இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். நிறம் பிடிக்கவில்லை, மாமிக்குப் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவாகக் கண்டேன் என்றால் கடைக்காரர் திருப்பி எடுக்கக் கட்டாயம் இல்லை. எடுத்தால் அது அவருடைய நல்ல மனம்.

ஆனால் பொருள் பழுது, சொன்ன உத்தரவாதத்துக்கு மாறு, அல்லது விளம்பரமே பொய் என்றால் அந்த ஒற்றை வரி சட்டத்தை அழித்துவிடாது. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் விற்கப்பட்டால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றுக்கு உத்தரவிடும் அதிகாரத்தைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அதிகார சபைக்குக் கொடுக்கிறது. “கழிவு விலைப் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை” என்று வாயால் சொல்வதையும் இப்படியே பாருங்கள். என்ன குறை என்று காட்டி, அதற்காகவே விலை குறைத்து விற்றால் அது வேறு. குறையை மறைத்து விற்றுவிட்டுக் கழிவைக் காரணம் காட்ட முடியாது.

கடைக்காரர் அசையவில்லை. அடுத்து எங்கே போவது? கொழும்புக்கா?

கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில், நாம் கச்சேரி என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. தொலைபேசியில் சொல்வதானால் 1977 என்ற இலக்கம். ஒரு கடையில் இப்போது நடந்துகொண்டிருப்பதை, அதாவது பொய்ப் பதாகை இன்னும் தொங்குகிறது, அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிறார்கள் என்பன போன்றவற்றைத் தொலைபேசியில் சொல்லலாம். உங்கள் பணம் சம்பந்தப்பட்டிருந்தால் கட்டாயம் எழுத்தில் கொடுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். “சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினால்தான் வேகமாக நடக்கும்” என்ற எண்ணத்தில் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். அது வேண்டாத பயம்.

எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்? கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

13 ஆம் பிரிவின் கீழான முறைப்பாடு, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். விளம்பரம் பற்றிய முறைப்பாட்டுக்கும் அந்த மூன்று மாதத்தையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் வாங்கியதைப் பற்றி வைகாசியில் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மனம் வருந்தியதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம். கடையின் பெயர், இருக்கும் வீதி. பிறகு நடந்தது, திகதி வரிசையில். என் தங்கைக்கு நான் எழுதிய பகுதி இப்படி இருந்தது: “சேலையின் விலைக்குறியில் முன்னைய விலை ரூபா 12,500 எனவும் 50 வீதக் கழிவின் பின் ரூபா 6,250 எனவும் குறிக்கப்பட்டிருந்தது. அந்த விலைக்குறியின் கீழ் ரூபா 6,900 எனக் குறிக்கப்பட்ட வேறொரு விலைக்குறி ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே விளம்பரப்படுத்தப்பட்ட கழிவு உண்மையானதல்ல எனக் கருதுகிறேன். பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுத் தொகையையும் பெற விரும்புகிறேன்.” வேறு அலங்காரம் இல்லை. எவ்வளவு மனவேதனைப்பட்டோம் என்று எழுத விருப்பம் இருக்கும், எழுதினால் இலக்கங்கள் மறைந்துவிடும்.

பற்றுச்சீட்டின் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள், நிழற்படப் பிரதியை இணையுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால்.

முறைப்பாடு செய்தால் என் காசு திரும்பி வருமா?

இதில் பலருக்குத் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது, அதனால் தெளிவாகச் சொல்கிறேன். 30, 31 ஆம் பிரிவுகளை மீறியதற்காக வழக்கு வந்தால் அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். கடைக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டால் அது அரசுக்குப் போகிறது, உங்களுக்கு அல்ல. உங்கள் கைக்குப் பணம் வரும் நேரான வழி 13 ஆம் பிரிவு, அது உத்தரவாதம், தரம் சம்பந்தப்பட்டவற்றுக்கானது. அதிகார சபை அப்படிக் கொடுக்கச் சொன்ன தொகையைக் கடை கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தினூடாக அறவிட வழியிருக்கிறது.

ஆகவே வெறும் விலை சம்பந்தமான பொய் என்றால், பணம் பெரும்பாலும் பேசித் தீர்ப்பதில்தான் வருகிறது. ஆனால் முறைப்பாட்டுக் கடிதம் அந்தப் பேச்சைத் தொடக்கி வைக்கும். என் தங்கை முதல் தடவை போனபோது மாற்றுச் சேலை எடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை முகாமையாளர் இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை கச்சேரிக்குக் கொடுக்க எழுதிவைத்த கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தாள். முகாமையாளர் அதை நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். 6,250 ரூபாயும் எண்ணிக் கொடுத்துச் சேலையை வாங்கிக்கொண்டார்.

நேரே சிவில் வழக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். சிறு தொகைத் தகராறுகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, இரு தரப்பையும் இருத்திக் கதைப்பார்கள். கடை உள்ளூரில் இருந்தால் அது நல்ல வழி.

கழிவு ஒரு வங்கியின் அட்டைக்கு மட்டும் என்று காசு கட்டும்போதுதான் சொன்னார்கள். இன்னொரு கடையில் அட்டைக்கு 3 வீதம் கூடக் கேட்டார்கள்.

முதலாவது, விளம்பரத்தில் அந்த நிபந்தனை இருந்ததா என்பதைப் பொறுத்தது. வாசிக்கக்கூடிய அளவில் இருந்தால் நாம் கவனிக்கவில்லை. எங்குமே இல்லையென்றால் தவறாக எண்ணவைக்கும் விளம்பரம்.

இரண்டாவது வேறு கதை. அட்டையால் கட்டுபவரிடம் மேலதிக வீதம் அறவிடக் கடைகளுக்கு அனுமதி இல்லை என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. அந்த 2, 3 வீதம் கடை வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம், அதை உங்கள் மேல் ஏற்ற முடியாது. பற்றுச்சீட்டோடு உங்கள் அட்டையைத் தந்த வங்கிக்கு எழுதுங்கள். வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் இருக்கிறது. 10 வீதக் கழிவு தந்து 3 வீதத்தை இப்படித் திருப்பி எடுத்தால் உங்களுக்குக் கிடைத்த கழிவு 10 அல்ல என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நகைக்கடையில் “செய்கூலியில் 50 வீதக் கழிவு” என்கிறார்கள். அதை எப்படிப் பிடிப்பது?

செய்கூலியை மட்டும் பார்த்தால் பிடிக்க முடியாது. செய்கூலியைக் குறைத்துச் சேதாரத்தைக் கூட்டலாம். கல்லின் நிறையையும் தங்கத்தோடு சேர்த்து நிறுக்கலாம். அன்றைய பவுண் விலையைச் சற்றுக் கூட்டிப் போடலாம். ஒரு பவுண் 8 கிராம் என்பதை வைத்துக்கொண்டு, தங்கத்தின் தனி நிறை, கரட், அன்றைய விலை, சேதாரம், செய்கூலி ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதே நாளில் வேறொரு கடையிலும் அதே நிறைக்கு எழுதி வாங்குங்கள். இரண்டு தாளின் கடைசித் தொகைகளை ஒப்பிட்டால் கழிவு உண்மையா என்று தெரிந்துவிடும். எழுதித் தர மறுக்கும் கடையில் கலியாண நகை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முகநூலில் கழிவு என்று பார்த்து வாங்கினேன். கடையே இல்லை, ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும்தான். இவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

வியாபாரமாக விற்கும் எவருக்கும் பொருந்தும், கூரை இருக்க வேண்டும் என்பதில்லை. சிக்கல் ஆளைக் கண்டுபிடிப்பதில்தான். காசு அனுப்புவதற்கு முன்பே பக்கத்தின் பெயர், விளம்பரம், உரையாடல், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் கைத்தொலைபேசித் திரையில் தெரிந்தபடியே படமாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, ஒரு பதிவு இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆகவே வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பவில்லை என்றால் அது கழிவுத் தகராறு அல்ல, மோசடி. பொலிஸுக்குப் போங்கள்.

கனடாவிலிருந்து மகன் காசு கட்டி எனக்கு ஒரு பொருள் அனுப்பினான். விலை விளம்பரத்தைவிடக் கூட எடுத்திருக்கிறார்கள். முறைப்பாடு யார் செய்வது?

காசு கட்டியவர் மகன், கடையோடு ஒப்பந்தம் செய்தவரும் அவர். ஆகவே மகன் ஒரு சிறு கடிதத்தில் “என் சார்பில் என் தாயார் இந்த விடயத்தைக் கவனிப்பார்” என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதையும் கட்டணம் கட்டிய மின்னஞ்சலையும் உங்களுக்கு அனுப்பட்டும். அவற்றை இணைத்து நீங்கள் கொடுக்கலாம். மகன் பார்த்த விளம்பரத்தின் படம் அவரிடம்தான் இருக்கும், அதை உடனே கேட்டு வாங்குங்கள். மூன்று மாதக் கணக்கு முன்பு சொன்னதுதான்.

இவ்வளவு அலைவதைவிட முகநூலில் கடையின் பெயரைப் போட்டு எழுதிவிட்டால் என்ன?

எழுதலாம், ஆனால் நடந்ததை மட்டும். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்ன திகதி, இன்ன விலை என்று எழுதினால் அது உண்மை. “முழுக் கடையும் களவு” என்று எழுதினால் அது உங்களால் நிரூபிக்க முடியாத கூற்று. மானநட்ட வழக்கு வரலாம். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்யான கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறது. ஊழியர்களின் முகத்தைப் படம் பிடித்துப் போடவே வேண்டாம். என் ஆலோசனை, முறைப்பாட்டை முதலில் கொடுங்கள், பதிவை அதற்குப் பிறகு யோசியுங்கள்.

கடிதம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை.

முதலில் முத்திரையிட்ட உங்கள் பிரதியோடு நேரில் போய்க் கோவை இலக்கத்தைக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “இன்ன திகதியில் நான் கொடுத்த முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் எவை?” என்று அதிகார சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாள்களுக்குள் அவர் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும்.

300 ரூபாய் வித்தியாசத்துக்கு இவ்வளவும் செய்ய வேண்டுமா?

உங்கள் 300 ரூபாய்க்காக மூன்று நாள் வேலையை விடச் சொல்லமாட்டேன். அதற்கு 1977 க்கு ஓர் அழைப்பு போதும். ஆனால் பண்டிகைக்கு முதல் வாரம் அந்தக் கடைக்குள் ஒரு நாளில் எத்தனை பேர் போகிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் உங்களிடம் எடுத்தது 300, அந்த வாரத்தில் எடுத்தது அதன் ஆயிரம் மடங்காக இருக்கலாம். ஒருவருமே சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே பதாகை அதே இடத்தில் தொங்கும்.

நானே திருநெல்வேலியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன் ரீச்சர். பெரிய கடைகள் 50 வீதம் போடும்போது நான் உண்மையான 10 வீதத்தைப் போட்டால் யார் வருவார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் பழைய மாணவர், இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வீதத்தைப் போடாதீர்கள், இரண்டு விலைகளையும் போடுங்கள் என்று சொன்னேன். “போன மாத விலை 2,400, இன்று 2,150.” பழைய விலையில் விற்ற பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மேசையிலேயே வையுங்கள், கேட்பவருக்குத் திறந்து காட்டுங்கள். கழிவு எந்தத் திகதிவரை, எந்தப் பொருள்களுக்கு என்பதைப் பெரிய எழுத்திலேயே எழுதுங்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்திருந்தால் அதையும் சேர்த்த விலையையே போடுங்கள், மேசைக்கு வந்த பிறகு 18 வீதம் ஏற்றாதீர்கள்.

கடந்த சித்திரைக்கு அவர் அப்படித்தான் செய்தார். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய பட்டியல் ஒன்று இப்போதும் அவர் கடை வாசலில் இருக்கிறது. இரண்டு நிரல்கள், முன்னைய விலை, இன்றைய விலை. விலை மாறாத சாமான்களுக்கு இரண்டு நிரலிலும் ஒரே தொகையை எழுதியிருக்கிறார்.